தாண்டியல்

சௌமியாவின் உள்ளங்கையில் பிரம்படி விழுந்ததற்குக் காரணம் ஒரு கோழிக்குஞ்சு. உயிருள்ள குஞ்சு அல்ல. அம்மாவின் பழைய செல்போனுக்குள் ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் குஞ்சு. அந்த விளையாட்டில் பெரிய நுட்பம் எதுவும் கிடையாது. குஞ்சு ஓடும். சுவர் வந்தால் ஏற வேண்டும், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், எதிரே ஆமை வந்தால் அதன் ஓட்டின்மேல் குதிக்க வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த நொடி குஞ்சு தொடங்கிய இடத்தில் மறுபடி நிற்கும்.

நான்காம் வகுப்புப் பிள்ளை செல்போனைப் பையில் ஒளித்துப் பள்ளி வேனில் எடுத்துப்போனது தவறுதான். மகாமுயற்சி வித்யாலயாவில் தவறுகளுக்கு இரண்டு கட்டமாக நடவடிக்கை எடுப்பார்கள். முதலில் பிள்ளையை அடிப்பார்கள். பிறகு பெற்றோரை வரச்சொல்லி, ஏன் அடித்தோம் என்று தாளாளர் குணசீலன் விளக்குவார்.

சௌமியாவின் அப்பா கலையரசன் பனமரத்துப்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். மல்லூரைத் தாண்டி நாமக்கல் சாலையோரம் இருந்த அந்தப் பள்ளியின் ஜன்னல் கம்பி, விடுதிக் கட்டில், தண்ணீர்த் தொட்டி ஏணி எல்லாம் அவன் பற்றவைத்துக் கொடுத்தவை. அதனால் தாளாளர் அறையில் அவனுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது. மற்ற பெற்றோர் நின்றார்கள்.

"வீடியோ கேம் குழந்தைகளை மிருகமாக்கிடும், கலையரசன். அடி, உதை, மேல விழு, மிதி. இதைத்தான் கத்துக் குடுக்குது. பிஞ்சு மனசுல வன்முறை ஏறிட்டா..." என்று தாளாளர் தொடங்கினார்.

ஜன்னலுக்கு வெளியே உடற்கல்வி ஆசிரியர் நந்தகுமார், ஷூவுக்குப் பாலிஷ் போடாத ஒரு வரிசையை அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் தாளாளரால் பேச முடியவில்லை. வரிசை முடியும்வரை கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"...அப்புறம் எடுக்கவே முடியாது" என்று முடித்தார்.

"ஆமாங்க" என்றான் கலையரசன். பெரிய படிப்புப் படித்தவர் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று நம்புகிறவன் அவன். வீட்டுக்கு வந்ததும் மகளின் வீங்கிய கையில் அவன் மனைவி அகல்யா எண்ணெய் தடவுவதைப் பார்த்தான்.

"எதுக்கு சாமி அதயப் போயி வெளயாடறே?"

"அதுல உழுந்தா யாரும் வையமாட்டாங்கப்பா" என்றாள் சௌமியா.

அந்தக் கோடையில் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் தனியார் பள்ளித் தாளாளர்களுக்குக் கருத்தரங்கு நடந்தது. சென்னையிலிருந்து வந்த மனநல நிபுணர் ஒருவர் அங்கே பேசினார். ஓடி, குதித்து, தாண்டுகிற எளிய விளையாட்டுகள் குழந்தைகளின் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன, கண்ணையும் கையையும் சேர்ந்து வேலை செய்யப் பழக்குகின்றன, கால் வைப்பதற்கு முன் திட்டமிடச் சொல்லித்தருகின்றன, தோற்றாலும் கூச்சமில்லாமல் மறுபடி முயல வைக்கின்றன என்றார். இவையெல்லாம் அது விளையாட்டாக இருக்கும்வரைதான் என்று கடைசியாக ஒரு வரியும் சொன்னார். அந்த வரி வரும்போது தாளாளர்கள் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டிருந்தார்கள்.

பள்ளி திறந்ததும் குணசீலன் ஆசிரியர்களைக் கூட்டினார். வேலை விஷயமாகக் கலையரசனையும் வரச்சொல்லியிருந்தார்.

"செல்போன் கெடுதல். ஆனா செல்போனுக்குள்ள இருக்கிற குதி நல்லது. அறிவியலே சொல்லுது. அதனால நாம குதியை மட்டும் வெளியே எடுக்கறோம். மைதானத்துல அப்படியே கட்டறோம். சுவர், பள்ளம், மேடை எல்லாம். பாடத்துக்குத் தாண்டியல்னு பேரு. ஓவியத்துக்குக் குடுத்த பீரியடை இதுக்குக் குடுத்துடுங்க. ஓவியத்தால யாரும் டாக்டர் ஆனதில்லை."

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். ஓவிய ஆசிரியையும் தட்டினார்.

கலையரசன் இரும்பு மேடைகளை அடித்து நிறுத்தினான். ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம், அசைகிற பலகை, உருளுகிற குழாய் என்று செல்போன் படத்தைப் பார்த்துப் பார்த்து தாளாளர் சொல்லச் சொல்லச் செய்தான். மேடைகளுக்கு நடுவே குழி வெட்டினார்கள். குழிக்கு வந்தபோதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

"குழிக்குள்ள மணலக் கொட்டிரலாமுங்க. உழுந்தாலும் அடிபடாது."

"மணல் போட்டா பயம் போயிடும். பயம் போனா கவனம் போயிடும். கவனம்தானே நமக்கு வேணும்? ஜல்லி போடு."

கலையரசன் தலையைச் சொறிந்தான். "முக்கா இஞ்சு ஜல்லிங்களா, ஒண்ணரை இஞ்சு ஜல்லிங்களா?"

தாளாளர் உண்மையிலேயே யோசித்தார். "அஞ்சாவது வரைக்கும் முக்கால். அதுக்கு மேல ஒண்ணரை. வயசுக்கேத்த பாடத்திட்டம்னு இதைத்தான் சொல்றது."

முதல் நாள் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மேடையில் ஏறினார்கள், பலகையில் ஆடினார்கள், ஒருவரையொருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். சௌமியா எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். மைதானம் முழுக்கச் சிரிப்பு. மாடியிலிருந்து பார்த்த தாளாளர் கீழே இறங்கி வந்து நந்தகுமாரிடம், "சிரிச்சுக்கிட்டே தாண்டினா அதுக்குப் பேரு விளையாட்டு, சார்" என்றார். மறுநாள் நந்தகுமார் மூங்கில் கழியோடு வந்தார். சிரித்தவர்களின் கெண்டைக்காலில் கழி விழுந்தது. கை கொடுத்தவர்களின் கையில் விழுந்தது. காப்பியடிப்பதும் கை கொடுப்பதும் ஒன்றுதான் என்று விளக்கினார்.

பிறகு பாடம் முறையாக நடந்தது. விடிவதற்குள் விடுதிப் பிள்ளைகள், விடிந்ததும் வேன் பிள்ளைகள். ஒவ்வொருவர் சட்டையிலும் மூன்று சிவப்பு ரிப்பன்கள் குத்தப்பட்டன. செல்போன் விளையாட்டுகளில் வருவது போல அவை உயிர்கள். விழுந்தால் ஒரு ரிப்பனைப் பிடுங்குவார்கள். மூன்றும் போனவர்கள் மத்தியானம் வரை ஜல்லியில் முட்டி போட வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தாடை கிழிந்தது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. எல்கேஜிப் பிள்ளை ஒன்று நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டையெல்லாம் இரத்தமாக நின்றபோது, அழாமல் நின்றதற்காக அதற்குக் கைதட்டினார்கள். அது அழாததற்குக் காரணம் வாயைத் திறக்க முடியாததுதான்.

பெற்றோர் கூட்டத்தில் எவரும் கோபப்படவில்லை. முட்டை மொத்த வியாபாரி ஒருவர் எழுந்து பெருமையாகச் சொன்னார்: "எம்பட பையனுக்குப் பல்லு ரெண்டு போயிருச்சுங்க. ஆனா ரேங்க்கு ஏறியிருச்சு." சேலத்திலிருந்து வந்த ஜாக்குலின் என்ற அம்மா, தன் மகன் ஜெரினுக்கு வீட்டில் கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பயிற்சி தருவதாகச் சொன்னார். ஜெரின் ஏழாம் வகுப்பு. தாண்டியலில் பள்ளிக்கே முதல். அம்மாவுக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

இடைவேளையில் பிள்ளைகள் ஓடுவது நின்றுபோனது. மணி அடித்தால் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மாணவர்களிடம் ஒழுக்கம் கூடியிருப்பதாகப் பள்ளி மலர் எழுதியது.

சௌமியாவின் ரேங்க் இறங்கிக்கொண்டே போனது. மேடையின் விளிம்புக்கு வந்ததும் அவள் கால்கள் நின்றுவிடும். நின்றால் பின்னாலிருந்து கழி. அடி விழுந்ததும் குதிப்பாள், விழுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை எப்படியாவது சிரிக்கவைக்கலாம் என்று அகல்யாவே செல்போனை எடுத்து நீட்டினாள்.

"இந்தா கண்ணு, கொஞ்ச நேரம் உன்ற குஞ்ச வெளயாடு."

"வேண்டாங்கம்மா" என்றாள் சௌமியா. "அது பாடம்."

கலையரசன் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தாளாளரிடம் பேசிப் பார்க்கலாம் என்று மறுநாள் போனான். அவன் வாயைத் திறப்பதற்குள் தாளாளர் அடுத்த வேலையைச் சொன்னார்.

"ஆண்டு விழாவுக்கு ஒண்ணு குறையுது. எதிரி இல்லை. எதிரி இல்லாம என்ன வளர்ச்சி? தகரத்துல ஆமை ஓடு செய்யணும். முதுகுல கட்டற மாதிரி, வார் வெச்சு. மேல குதிச்சாலும் நசுங்கக் கூடாது."

"ஆருங்க கட்டிக்கறது?"

"அதெல்லாம் பள்ளி நிர்வாகம் பாத்துக்கும்."

ஏதோ பொம்மைக்காக இருக்கும் என்று கலையரசன் நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது அவனுக்கு வசதியாக இருந்தது. நல்ல கனமான தகரமாக வாங்கி, ஓரத்தை மடித்து, உள்ளே கம்பி வைத்துப் பற்றவைத்தான். வேலை சுத்தமாக வந்திருப்பதாக அவனுக்கே திருப்தி.

ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டு, மைதானத்தைச் சுற்றிப் பெற்றோரை உட்கார வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி வந்திருந்தார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அடிக்காத பள்ளி உருப்படாது. நான் படிச்ச காலத்துல வாத்தியார் ஒருத்தர் விட்ட அறையில எனக்கு இடது காது போச்சு. இன்னைக்கு வரைக்கும் கேக்காது. ஆனா பாருங்க, அதிகாரியா உக்காந்திருக்கேன். பெற்றோர்கள் கொண்டுவர்ற புகார் எல்லாத்தையும் நான் அந்தக் காதுலதான் வாங்கிக்கறேன்."

பெரிய கைதட்டல். அது ஓய்ந்ததும் குணசீலன் எழுந்தார். "எங்கள் பள்ளியில் எந்தக் குழந்தையும் வீணாவதில்லை. நன்றாகப் படிக்கிற குழந்தை குதிக்கும். படிக்காத குழந்தையின் மேல் குதிக்கும். ஆக எல்லோருக்கும் பங்கு உண்டு."

விசில் ஒலித்தது. கடைசி ரேங்க் வாங்கிய பிள்ளைகள் முதுகில் தகர ஓட்டைக் கட்டிக்கொண்டு, கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்து மைதானத்துக்கு வந்தார்கள். பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். கலையரசனும் சிரித்தான். பிறகு மூன்றாவது ஓட்டுக்குக் கீழே தொங்கிய இரட்டைச் சடையைப் பார்த்தான். காலையில் அகல்யா நீல ரிப்பன் வைத்துப் பின்னியது.

அவன் எழுந்தான். முன்னால் இருந்தவர்கள், மறைக்கிறது என்று சட்டையைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள்.

ஜெரின் ஓடி வந்தான். முதல் பள்ளத்தைத் தாண்டினான். ஆடுகிற பலகையில் ஏறி, முதல் ஆமையின் ஓட்டில் குதித்தான். தகரம் டமாரென்றது. ஓட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. ஜெரினுக்கு அந்த முனகல் மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. உயர மேடையின் விளிம்பில் வந்து நின்றான். கீழே சௌமியா இருந்தாள். தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"குதி" என்றார் நந்தகுமார்.

"மாட்டேன் சார். அவ அஞ்சாவதுதான் சார்."

நந்தகுமார் ஏணியில் ஏறி அவன் முதுகில் கழியை வீசினார். ஜெரின் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். விரல்களின்மேல் அடி விழுந்தது. ஒலிபெருக்கியில் குணசீலன், "தயக்கம்தான் தோல்வியின் முதல் படி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அடியில் பையனின் பிடி விட்டது. நந்தகுமார் இடுப்பில் ஒரு உதை விட்டார்.

ஜெரின் குதிக்கவில்லை, விழுந்தான். அவன் முழங்கால் தகர ஓட்டின் நடுவில் இறங்கியது. ஓடு நசுங்கவில்லை. அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தான் கலையரசன். கீழே இருந்ததுதான் நசுங்கியது. சௌமியாவின் தோள் எலும்பு முறிந்த சத்தம், காய்ந்த கரும்பை ஒடித்தது போல, பந்தலின் கடைசி வரிசை வரை கேட்டது. ஓட்டிலிருந்து உருண்ட ஜெரின் ஜல்லிக் குழிக்குள் போனான்.

கலையரசன் சட்டை கிழிய ஓடினான். விளையாட்டுக் களத்துக்குள் வெளியாள் வரக்கூடாது என்று நந்தகுமார் அவன் நெற்றியில் கழியால் அடித்தார். இரத்தம் கண்ணில் இறங்கியது. கலையரசன் அந்தக் கழியைப் பிடுங்கி, அது பிளந்து நாராகும்வரை அவரை அடித்தான். அதற்குமுன் அவன் யாரையும் அடித்ததில்லை. எங்கே அடிப்பது என்றுகூடத் தெரியாமல் அடித்தான்.

பந்தலில் கைதட்டல் நிற்கவில்லை. நிகழ்ச்சியின் அடுத்த பகுதி என்று நினைத்தார்கள். "தத்ரூபமா இருக்கு" என்றார் அதிகாரி. புரிந்தவர்கள் எழுந்து ஓடிவந்தபோது, முட்டை வியாபாரி மேடையருகே நின்று தாளாளரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினால் தன் மகனின் சுற்று என்னாவது என்று கேட்டார். அவனுக்கு முன்னால் என் பெண்ணின் சுற்று என்றார் இன்னொருவர். வியாபாரி அவர் மூக்கில் குத்தினார். நாற்காலிகள் பறந்தன. தகர ஓட்டோடு தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் மட்டும், எழுந்திருக்க யாரும் சொல்லாததால், அப்படியே அசையாமல் இருந்தார்கள்.

சேலம் ஆஸ்பத்திரியில் சௌமியாவின் தோளில் தகடு வைத்தார்கள். ஜெரினுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. மறுநாள் குணசீலன் நிருபர்களை அழைத்து, வீடியோ கேம் என்னும் நஞ்சு குழந்தைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைத் தன் பள்ளி வெகு முன்பே எச்சரித்தது என்றார். "வீடியோ கேம் மோகம்: மாணவி எலும்பு முறிவு" என்று செய்தி வந்தது. பிள்ளைக்கு முன்பே செல்போன் பழக்கம் உண்டு என்பதும் அதில் இருந்தது.

கலையரசன் நெற்றித் தையலோடு காவல் நிலையத்துக்குப் போனான். சப்-இன்ஸ்பெக்டர் அந்தச் செய்தியை ஏற்கெனவே படித்திருந்தார்.

"வீடியோ கேம் மேல எல்லாம் கேஸ் போட முடியாதுய்யா."

"பள்ளிக்கூடத்து மேல போடுங்க."

"பள்ளிக்கூடம்னா கட்டடம். கட்டடம் யாரை அடிச்சுது? போய்ப் பிள்ளையைப் பாரு."

கலையரசன் போகவில்லை. பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாதம் செய்யத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் அகல்யா ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "அந்த ஓட்டச் செய்யறப்ப ஆருக்குன்னு கேட்டீங்களா?" கேட்டதாகச் சொன்னான். பதில் வாங்கினானா என்று அவள் கேட்கவில்லை. அவன் எழுந்து மறுபடி மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"மொதப் பேரு எம்பேரப் போடுங்க சார். மேடைய அடிச்சது நானுங்க. ஓட்ட அடிச்சதும் நானுங்க. எம்புள்ள தோள ஒடிச்சது அந்த ஓடு."

சப்-இன்ஸ்பெக்டருக்கு முகம் மலர்ந்தது. தானாக வந்து ஒப்புக்கொள்கிற ஏழை எளிதில் கிடைப்பதில்லை. பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். பெயர், ஊர், தொழில் எல்லாம் வேகமாகப் போனது. பழக்கத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார்.

"யார் சொல்லி அடிச்சே?"

"தாளாளருங்க."

பேனா நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் கலையரசனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அதைக் கிழிக்கலாமா என்பது போல ஓரத்தைப் பிடித்தார்.

"எழுதுங்க சார்" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. ஜாக்குலின் நின்றிருந்தார். ஒரு கையில் மகனைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஜெரினின் விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. "இவர் பேருக்குக் கீழ தாளாளர் பேரு. அதுக்குக் கீழ நந்தகுமார் பேரு. கட்டில் போட்டு இவனைப் பழக்கினது நான்தான். வேணும்னா அதுக்கும் கீழ என் பேரையும் எழுதிக்கங்க. ஆனா நடுவுல நிறுத்தாதீங்க."

அவருக்குப் பின்னால் தாடைத் தையலோடு ஆறாம் வகுப்புப் பையனும் அவன் அப்பாவும் இருந்தார்கள். இன்னும் சிலர் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார்.

வழக்கு இப்போதும் நடக்கிறது. குணசீலன் ஜாமீனில் வந்த அன்று பள்ளி வாசலில் அவருக்கு மாலை போட்டார்கள். நந்தகுமார் வேறொரு பள்ளியில் ஒழுக்கத்துறைத் தலைவராகச் சேர்ந்துவிட்டார். வாய்தா நாள்களில் கோர்ட்டில் ஒன்றாம் எதிரி கலையரசன் என்று கூப்பிடுவார்கள். அவன் போய் நிற்பான். இரண்டாம் எதிரி குணசீலன் என்று கூப்பிடும்போது அவரும் வந்து பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே இருவருக்கும் நாற்காலி கிடையாது. அதற்காகவே கலையரசன் ஒரு வாய்தாவையும் தவறவிட்டதில்லை.

சௌமியாவைப் பனமரத்துப்பட்டி அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். வெகு நாள் வரை அவள் இடைவேளையில் சுவரோரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள் என்று டீச்சர் சொன்னார். கூப்பிட்டாலும் வரமாட்டாள். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்றும் சொன்னார்.

ஒரு சாயங்காலம் கலையரசன் பட்டறையில் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தபோது வாசலில் சௌமியா நின்றிருந்தாள். பாவாடையெல்லாம் சேறு. முட்டி தோல் உரிந்து இரத்தம் கணுக்கால் வரை வழிந்திருந்தது. கையில் கிடைத்த கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எவன் சாமி தள்ளுனது? பேரச் சொல்லு."

"யாருந் தள்ளுலீங்கப்பா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஏரி வாய்க்காலத் தாண்டுனோம். நானாத்தான் குதிச்சேன். நடுவாலயே உழுந்துட்டேன்."

"உழுந்துட்டயா?"

"ஆமாங்க. தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்."

குடத்திலிருந்து மொண்டு மடமடவென்று குடித்தாள். பாதி தண்ணீர் கழுத்தில் வழிந்தது. தம்ளரை வைத்துவிட்டு, முட்டியைக் கழுவக்கூட நிற்காமல் திரும்ப ஓடினாள்.